தங்க வேட்டைப் பாதையில் ஒரு நாள்: படகும் ரயிலும் சேர்ந்த சீட்டை வாங்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் இந்தியக் கடவுச்சீட்டில், அமெரிக்கச் சுற்றுலா விசா பெற்று, மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம், மகனிடம் கிரீன் கார்டு இருக்கிறது. ஜூலையில் அலாஸ்காவின் ஹெயின்ஸ் ஊரில் சில நாள் தங்கப் போகிறோம். அங்கிருந்து படகில் ஸ்காக்வே சென்று, ஒயிட் பாஸ் மலை ரயிலில் ஏறி, மாலையே திரும்பும் பயணத்தை ஒரு நிறுவனம் ஒரே கட்டணத்தில் விற்கிறது. படகையும் ரயிலையும் தனித்தனியாகப் பதிவு செய்தால் செலவு சற்றுக் குறைகிறது. எதை வாங்குவது?

பதில்: சேர்ந்த சீட்டையே வாங்குங்கள், ஆனால் கீழே சொல்லும் நிபந்தனைகளை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.

காரணம் அந்தப் பகுதியின் நில அமைப்பு. ஹெயின்ஸும் ஸ்காக்வேயும் கடல்வழியில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அதிவேகப் படகு முக்கால் மணி நேரத்தில் சேர்த்துவிடும். சாலைவழியில் போனாலோ கனடாவுக்குள் புகுந்து சுற்றி ஏறக்குறைய 580 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கனடா விசா இல்லாத உங்கள் இருவருக்கும் அந்தச் சாலை மூடிய கதவுதான். ஆகவே ரயில் தாமதமாகி மாலைப் படகு போய்விட்டால், ஸ்காக்வேயில் இரவு தங்குவதைத் தவிர வேறு வழி அநேகமாக இராது. கோடையில் கப்பல் பயணிகளால் நிரம்பும் அந்தச் சிற்றூரில் கடைசி நேரத்தில் அறை கிடைப்பது எளிதன்று. தனித்தனியாக வாங்கினால் இந்த இழப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். ஒரே நிறுவனத்திடம் வாங்கினால் இரண்டையும் இணைக்கும் பொறுப்பை அதனிடம் கேட்டுப் பெறலாம்.

அந்தப் பொறுப்பை அவர்கள் வாய்மொழியாக ஏற்பது போதாது. லின் கால்வாய் என்னும் அந்தக் கடற்கழியில் காற்று பலமாக வீசும் நாள்கள் உண்டு. காற்றினால் காலைப் படகு தாமதமானால் அடுத்த ரயிலில் இடம் தருவார்களா, ரயில் ரத்தானால் அதற்குரிய பங்கு மட்டும் திரும்புமா முழுத் தொகையும் திரும்புமா, ரயில் தாமதமானால் திரும்பும் படகு காத்திருக்குமா, காத்திராவிட்டால் தங்கும் செலவு யாருடையது என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். தெளிவாக எழுதித் தர மறுக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கூடுதல் தொகையைத் தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் வழங்கப்பட்ட கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது; வாங்கிய சேவை கிடைக்காவிட்டால், கணக்குத் தாள் வந்த 60 நாள்களுக்குள் வங்கிக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை அங்கே சட்டத்தில் இருக்கிறது.

அடுத்து, எந்த ரயில் என்பதை உறுதி செய்யுங்கள். ஒரே தண்டவாளத்தில் பல பயணங்கள் விற்கப்படுகின்றன. கணவாய் உச்சிவரை சென்று திரும்பும் பயணம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அதில் உச்சியில் இறங்க முடியாது, கனடா ஆவணங்களும் தேவைப்படா. பென்னெட், கார்கிராஸ் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் நீண்ட பயணங்கள் கனடாவுக்குள் நடப்பவை. கிரீன் கார்டும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் உள்ள உங்கள் மகனுக்கு அங்கே விசா தேவையில்லை. உங்கள் இருவருக்கும் தேவை. ஆகையால் உங்களுக்கு உரியது உச்சிப் பயணமே. இருந்தாலும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

விளம்பரப் படத்தில் நீராவி எஞ்சின் இருந்தால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வழக்கமான ரயில்களை டீசல் எஞ்சின்களே இழுக்கின்றன. விளம்பரங்களில் வரும் 'தங்க வயல்' என்ற சொல்லும் தவறான எதிர்பார்ப்பைத் தரும். தங்க வேட்டைக்குக் காரணமாக 1896 ஆகஸ்டில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட இடம் கனடாவில் டாசன் அருகே, ஸ்காக்வேயிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. நீங்கள் காணப்போவது தங்கம் தேடி மக்கள் அங்கே போன வழியை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்தப் பயணத்தின் உண்மையான மதிப்பு அந்த வழியில்தான் இருக்கிறது. ஓராண்டுக்கான உணவும் கருவிகளும், சுமார் ஒரு டன் எடை, கொண்டுவராதவரைக் கனடாக் காவல்படை எல்லையில் அனுமதிக்கவில்லை. அந்தச் சுமையை ஏற்றிச் சென்ற குதிரைகளும் கழுதைகளுமாக ஏறத்தாழ 3,000 விலங்குகள் இந்தக் கணவாய்ப் பாதையில் மடிந்தன. 'செத்த குதிரைப் பள்ளம்' என்ற பெயர் அந்த இடத்துக்கு இன்றும் வழங்குகிறது. 1898இல் தொடங்கிய, தண்டவாள இடைவெளி 914 மில்லிமீட்டரே ஆன இந்தக் குறுகிய ரயில்பாதை, கனடாவின் ஒயிட்ஹார்ஸ் நகர்வரை முடிந்தபோது 1900 ஜூலை ஆகிவிட்டது. தங்க வேட்டையின் வேகம் அதற்குள் தணிந்திருந்தது. கடலோரத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் 873 மீட்டர் ஏறும்போது, பாறையில் வெடிவைத்துச் செதுக்கிய விளிம்பில் ரயில் நகர்வதைப் பார்ப்பதற்காகவே இந்தச் சீட்டுக்குச் செலவழிக்கலாம்.

கேள்வி: எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? அதற்குக் கூடுதல் கட்டணம் தரலாமா?

பதில்: ஏறும்போது இடப்பக்கம் பள்ளத்தாக்கு தெரியும். உச்சியில் பயணிகளைப் பக்கம் மாறி உட்காரச் சொல்வது வழக்கம் என்பதால் இதற்காகத் தனிக் கட்டணம் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர் இருந்தால், தூக்கி (லிஃப்ட்) வசதியுள்ள பெட்டி வேண்டும் என்று பதிவின்போதே சொல்லுங்கள்.

கேள்வி: ரயிலுக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில் ஸ்காக்வேயில் தங்கக் கட்டி வாங்கலாமா?

பதில்: முதலில் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் உள்ள தேசிய வரலாற்றுப் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் போங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. 1898இல் சோப்பி ஸ்மித் என்ற மோசடிக்காரன், வெளியுலகோடு கம்பித் தொடர்பே இல்லாத இந்த ஊரில் தந்தி அலுவலகம் நடத்திப் பணம் பறித்ததாகச் சொல்லப்படும் வரலாற்றையும் அறிந்துகொள்ளலாம். கட்டியைப் பொறுத்தவரை, ஆற்றில் கிடைக்கும் தங்கம் இயல்பாகவே வெள்ளி கலந்தது. அதன் உருவத்துக்காகச் சந்தை விலைக்கு மேல் வைத்து விற்கிறார்கள். ஊருக்குத் திரும்பி நகைக்கடையில் கொடுத்தால் அந்த மிகை விலை கிடைக்காது, தூய தங்கத்தின் எடைக்கு மட்டுமே பணம் தருவார்கள். முதலீடாக வாங்க வேண்டாம். நினைவுப் பொருளாக வாங்குவதானால், எடையும் தூய்மையும் இயற்கையான கட்டி என்பதும் ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.