மேங்கோவுக்குள் ஒரு மேன்

அன்புள்ள ஐயா,
மகளிர் தினத்தன்று என் மகளின் பள்ளிக்கு வந்த பேச்சாளர், "வுமனுக்குள் மேன் இருக்கிறான், ஃபீமேலுக்குள் மேல் இருக்கிறான், ஆண் இல்லாமல் பெண் ஏது?" என்றாராம். ஏழாவது படிக்கிறாள். "அப்ப நாங்க ஒட்டுப்போட்டதாப்பா?" என்கிறாள். என்ன சொல்ல? இன்னொன்று, 'ஃபெமினின்' என்பதற்குப் பெண்மை என்று எழுதினால் சரியா?
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு என் அன்பு. கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை. ஆனால் உங்களுக்கு என்ன வந்தது? எனக்கு எழுதிய நேரத்தில் ஓர் அகராதியைப் புரட்டியிருக்கலாமே!

ஃபீமேலுக்கும் மேலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லத்தீனில் பெண் 'ஃபெமினா'. சின்னப் பெண் 'ஃபெமெல்லா'. அது பிரெஞ்சு வழியாக 'ஃபெமெல்' ஆகி இங்கிலாந்துக்கு வந்தது. 'மேல்' வந்தது 'மாஸ்குலுஸ்' என்ற வேறு சொல்லிலிருந்து. 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலேயர்கள் இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் பார்த்து எழுத்தை மாற்றிவிட்டார்கள். வுமன், பழைய ஆங்கிலத்தில் 'வீஃப்மன்'. அன்று 'வீஃப்' என்றால் பெண், 'மன்' என்றால் மனிதர். ஆணுக்கு 'வெர்' என்று தனிச்சொல் இருந்தது. பொதுச்சொல்லை ஆண்கள் பிறகு தம் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டார்கள்.

ஃபெமினாவின் வேருக்குப் பாலூட்டுதல் என்று பொருள். மகனைக் குறிக்கும் 'ஃபிலியுஸ்' கூட அதே வேர்தான், பால் குடித்தவன். இவ்வளவு அழகான சொல்லை 1486 வாக்கில் ஹைன்ரிஷ் கிராமர் என்ற டொமினிக்கன் கத்தோலிக்கச் சபைத் துறவி, சூனியக்காரிகளை வேட்டையாட எழுதிய நூலில், 'ஃபெ', 'மினுஸ்' என்று இரண்டாக உடைத்தார். விசுவாசம் குறைந்தவளாம்! பெண்ணை நெருப்பில் தள்ள அதுவும் ஒரு சான்று. சொல்லை உடைத்து விளையாடுவதை நான் சும்மா விடாதது இதனால்தான்.

சரி, இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் இதே மேன், வுமன் வித்தையைக் காட்டிக் கோப்பை வாங்கியவன் நான். அரங்கமே கைதட்டியது. ஆங்கிலப் பேராசிரியை மட்டும் தட்டவில்லை. இறங்கி வந்ததும் தோளைத் தட்டி, "மேங்கோவுக்குள்ளயும் மேன் இருக்கானே தம்பி, அவன் யாரு?" என்றார். போர்த்துகீசியர் நம் கரையிலிருந்து கப்பலேற்றிய 'மாங்காய்' என்ற சொல் அது! வீடு போகும்வரை கோப்பையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

'ஃபெமினின்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல், இடம் பார்த்து எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். முதலில் மகளிடம் அந்த மாங்காய்க் கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த பேச்சாளர் வருவார் அல்லவா?