கேன்சர் மருந்தை இணைய அகராதியில் தேடுவது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஃபைலில் ‘ஏசி 4, டி 12, டிராஸ்டுசுமாப்’ என்று எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணைய மருந்து அகராதியில் மருந்துப் பெட்டியில் இருந்த பெயரைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. எப்படித் தேடுவது?

பதில்: நீங்கள் போட்டது கம்பெனி வைத்த பிராண்ட் பெயராக இருக்கும். நம் நாட்டில் ஒரே மருந்து பல கம்பெனிகளிடமிருந்து பல பெயர்களில் வருகிறது. அத்தனையும் அமெரிக்க அகராதியில் இருக்காது. ஜெனரிக் பெயரை, அதாவது மருந்தின் பொதுப் பெயரைத் தேடுங்கள். அதைப் பிராண்ட் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பெட்டியில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் இருக்கிறது. ஸ்பெல்லிங் சந்தேகமாக இருந்தால் முதல் நாலைந்து எழுத்து போதும், பட்டியலே வந்துவிடும்.

ஏசி, டி என்பவை மருந்துப் பெயர்கள் அல்ல, கீமோ திட்டத்தின் சுருக்கங்கள். பக்கத்தில் இருக்கும் எண், எத்தனை தடவை ஏற்றுவது என்பது. ‘ஏ’ என்பது அட்ரியாமைசின். அது பழைய பிராண்ட் பெயர், மருந்து டாக்ஸோரூபிசின். ‘சி’ சைக்ளோபாஸ்பமைடு. ‘டி’தான் குழப்பம்: பேக்லிடாக்ஸலாகவும் இருக்கலாம், டோசிடாக்ஸலாகவும் இருக்கலாம். 12 என்றிருப்பதால் வாராவாரம் ஏற்றும் பேக்லிடாக்ஸலாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஊகம் வேண்டாம், டே கேர் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டாக்ஸோரூபிசின் பக்கத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே ‘ஆண்டிபயாடிக்’ என்றிருக்கும். அம்மாவுக்கு இன்ஃபெக்ஷனா என்று பயந்துவிடாதீர்கள். ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்து என்பதால் அந்தப் பெயர். வேலை, செல்லின் டிஎன்ஏவுக்குள் புகுந்து அது பெருகாமல் தடுப்பது. அந்த அகராதி இப்படித்தான், ஆராய்ச்சியாளர்கள் பாஷையில் பேசும். மருந்தே சிவப்பாக இருக்கும், ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கலாம் என்பது போன்ற வீட்டில் தெரிய வேண்டிய விஷயங்களை அங்கே தேடாதீர்கள். அவற்றுக்கு அதே நிறுவனம் நோயாளிகளுக்காகத் தனியாக மருந்துத் தகவல் பக்கங்கள் வைத்திருக்கிறது.

டிராஸ்டுசுமாப் (ஹெர்2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் மருந்து) தேடும்போதுதான் கண் வேண்டும். டிராஸ்டுசுமாப், டிராஸ்டுசுமாப் எம்டான்சின், டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்று வரிசையாக வரும். மூன்றும் வெவ்வேறு மருந்துகள். பின்னவை இரண்டிலும் டிராஸ்டுசுமாபோடு கீமோ மருந்தும் கோத்திருக்கும். அளவு வேறு, பக்கவிளைவு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது. பெயருக்குப் பின்னால் சிறு கோடு போட்டு நாலு எழுத்து ஒட்டியிருந்தால் அது அமெரிக்காவில் பயோசிமிலர்களுக்கும் (மூல உயிரியல் மருந்தை ஒத்ததாக வேறு கம்பெனி தயாரிப்பவை) புதிய உயிரியல் மருந்துகளுக்கும் வைக்கும் அடையாளம். ஃபைலில் இருக்கும் முழுப் பெயரை அப்படியே ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிப் பெயர் பொருந்துகிறது என்று அந்தப் பக்கத்தைப் படித்தால் வீண் பயம்தான் மிச்சம்.

அகராதியில் இருப்பதெல்லாம் விற்பனைக்கு வந்த மருந்தும் அல்ல. எழுத்தும் எண்ணுமாகப் பெயர் கொண்டவை பெரும்பாலும் இன்னும் சோதனையில் இருப்பவை. பக்கத்தில் வரும் மருத்துவ ஆய்வு இணைப்பும் அவர்கள் ஊர்ப் பட்டியலுக்குத்தான் போகும். இங்கே நடக்கும் ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தைப் பாருங்கள்.

டோஸ் அகராதியில் இருக்காது. அது அம்மாவின் உயரம், எடை, ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் போடுவது. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் எதையும் தேடிக்கொண்டிருக்காமல், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள்.