வீட்டில் செய்யும் சோப்புக்கு அழகான வடிவம் வர எந்த அச்சு, எந்தக் கட்டர் வாங்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு வீட்டுச் சோப்பும் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும் முறுக்கு அச்சு, கொழுக்கட்டை அச்சு, கேக் டின் மேல் உடனே கை போகும். அவை பெரும்பாலும் அலுமினியம். காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்யும் சோப்புக் கலவை அலுமினியத்தை அரித்துவிடும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். பித்தளையும் வேண்டாம். எவர்சில்வர், சிலிக்கோன், தடித்த பிளாஸ்டிக் சரி. ஆனால் சோப்புக்கு எடுத்ததை மறுபடி பலகாரத்துக்கு எடுக்காதீர்கள்.

கிளிசரின் சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி ஊற்றுபவர்களுக்குக் கவலையே இல்லை. சிலிக்கோன் அச்சில் மயில் தோகையின் கோடு வரை அப்படியே விழும். ஊற்றியதும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளித்தால் மேலே நிற்கும் குமிழ் உடையும். எங்கள் கடலோர ஈரக்காற்றில் இந்தச் சோப்பு வியர்க்கும், அதனால் அச்சிலிருந்து எடுத்த கையோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றிவிடுங்கள்.

காஸ்டிக் சோடா சோப்புக்கு நுணுக்கமான அச்சு பெரும் தொல்லை. இரண்டு மூன்று நாள் விட்டு, ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால்தான் உடையாமல் வரும். என்னைக் கேட்டால் பத்து அச்சு வாங்கும் காசில் ஒரு தட்டையான சிலிக்கோன் தட்டும் நல்ல எவர்சில்வர் கட்டர் இரண்டும் போதும். வாங்கும்போது பலர் பார்க்காதது கட்டரின் உயரம். பிஸ்கட் கட்டர்கள் பல குட்டையானவை. சோப்பு 2.5 செ.மீ. கனமாக இருந்தால் கட்டர் அதைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி வரை இறங்காது. அழுத்துகிற விரல் தடம்தான் மேலே பதியும்.

வெட்டும் பதம் பனீர் மாதிரி. விரலில் ஒட்டினால் பொறுங்கள். பொதுவாக ஒரு நாளில் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் அதிகமென்றால் அதற்கு முன்பே இறுகும், விட்டால் ஓரம் பிளக்கும். ஆலிவ் எண்ணெய் அதிகமென்றால் இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும். கையுறை கட்டாயம்.

வடிவத்தில் மாங்காய், அகல்விளக்கு, வட்டம் நல்லது. நட்சத்திரம் பார்க்க அழகு, தேய்க்கும்போது குத்தும், முனையும் முதலில் உடையும். வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை அப்போதே உருண்டை பிடித்துவிடலாம். அப்புறம் காற்றாட 4 முதல் 6 வாரம் காய வேண்டும். நான் புரட்டாசி பிறக்குமுன் வெட்டி அடுக்கிவிடுவேன்.