நிலவறைக்கு மண் எடுக்கும் முன்: கோலாலம்பூரிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், செராஸ் பக்கம் ஒரு பழைய தனி வீட்டை வாங்கியிருக்கிறீர்கள் என்றும், அதன் பின்பகுதியை இடித்துக் கட்டும்போது 10 மீட்டருக்கு 8 மீட்டர் அளவில், 3 மீட்டர் ஆழத்தில் ஒரு நிலவறை எடுக்க ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். எந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது, எத்தனை நாளில் வேலை முடியும் என்று கேட்டிருந்தீர்கள். 27 ஆண்டுகளாக இந்த ஊரின் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சொல்லில் ஒரு கவனம் தேவை. நம் ஊரில் கொத்தனாரிடம் 'பேஸ்மட்டம்' என்றால் தரைக்கு மேலே எழுப்பும் அடிப்பீடத்தைத்தான் நினைப்பார். இங்கே பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே உள்ள அறைதான். ஊரிலுள்ள உங்கள் மாமா சொல்லும் செலவுக் கணக்கு இந்த வேலைக்குப் பொருந்தாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்ணைத் தோண்டி எடுப்பது இதில் மிகச் சிறிய பங்கு. நீங்கள் சொன்ன அளவுக்கு 240 கனமீட்டர் மண் வரும். தோண்டியதும் அது பொதபொதவென்று பெருகிக் கிட்டத்தட்ட 300 கனமீட்டர் ஆகிவிடும். ஒரு லோரியில் 10 கனமீட்டர் ஏற்றினாலும் 30 நடை. 20 டன் மண்வாரி இயந்திரம் உள்ளே வருமானால் இரண்டு மூன்று நாளில் குழி தயார். ஆனால் அதன் அகலமே 2.8 மீட்டர் இருக்கும். வீட்டின் பக்கச் சந்து அந்த அளவுக்கு அகலம் இல்லையென்றால் 3 டன் சிறிய இயந்திரத்தை வைத்துக்கொண்டுதான் பொறுமையாகக் கிள்ளிக் கிள்ளி எடுக்க வேண்டும். வாடகைக்குக் கேட்கும்போது 'ஜெங்காவுட்' என்று மலாய் மொழியில் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

உங்கள் ஊர்ப் பக்கம் ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் போட்டும் தண்ணீர் வராத தோட்டங்கள் உண்டு. கொஞ்சம் தோண்டினாலே சுக்கான் பாறை தட்டும், குழியின் பக்கச்சுவர் வெட்டிய மாதிரி நிற்கும். அந்த நினைப்போடு இங்கே மண்ணில் கை வைக்காதீர்கள். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால், கோலாலம்பூரில் 2,400க்கும் மேல் பெய்கிறது. ஏப்ரலை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும் மாலை மூன்று, நான்கு மணிக்கு வானம் இருண்டு, ஒரு மணி நேரத்தில் குழியைக் குளமாக்கிவிடும். மண்ணும் தெருவுக்குத் தெரு மாறும். நாம் தைப்பூசத்துக்கு ஏறும் பத்துமலையைப் போன்ற சுண்ணாம்புப் பாறைதான் நகரத்தின் பல பகுதிகளுக்கு அடியிலும், உள்ளே பொந்துகளும் பள்ளங்களுமாகக் கிடக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களையே அந்தப் பாறையின் குணத்தை அறிந்த பிறகு, முதலில் குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். பழைய ஈயச் சுரங்கங்கள் இருந்த பகுதிகளில் களிச்சேறு ஆழமாகப் படிந்திருக்கும். மேலே புல் முளைத்திருப்பதைப் பார்த்து நல்ல நிலம் என்று நம்பிவிடக் கூடாது.

நீரின் பலத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் பாருங்கள். நிலத்தடி நீர் 1 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்றால், 3 மீட்டரில் நீங்கள் போடும் தளத்தை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 2 டன் விசை கீழிருந்து தூக்கும். 80 சதுர மீட்டருக்கு அது 160 டன். 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள தளமும் 25 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர்களும் சேர்ந்தால்கூட 120 டன் அளவுக்குத்தான் எடை வரும். ஆக, மேலே வீட்டின் பாரம் ஏறும் வரை அந்த அறை ஒரு தோணியைப் போலத்தான் இருக்கும். தீபாவளி விடுமுறை என்று பம்பை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அது சாய்ந்து எழும்பியிருக்கலாம். சரி, விடாமல் இறைத்துக்கொண்டே இருப்போம் என்றால், பக்கத்து வீட்டுக்கு அடியில் உள்ள நீரும் சேர்ந்து வற்றி, அவர்கள் வீட்டு மண் அமுங்கும்.

ஒரு குழியால் பக்கத்து வீடு பாதிக்கப்படுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை செய்த ஒரு கட்டுமான ஒப்பந்தக்காரர், பங்சாரில் ஒரு வீட்டுக்குத் தாங்குசுவர் எதுவும் இறக்காமலேயே குழி வெட்டத் தொடங்கினார். இரண்டாம் நாள் மாலை மழை பெய்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி குடையுடன் வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தின் தரை ஓட்டில் மயிரிழையாக ஒரு விரிசல். பென்சிலால் குறுக்கே கோடு கிழித்து, தேதியும் நேரமும் எழுதி, ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்காக வைத்து இரு முனைகளையும் ஒட்டிவிட்டு வந்தேன். இரவு ஒன்பது மணிக்கு டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தபோது கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. வேலிச்சுவர் எங்கள் பக்கம் இரண்டு விரல் அளவு சாய்ந்திருந்தது. மழையிலேயே ஓட்டுநரை எழுப்பி வந்து, இரண்டு நாளாக எடுத்த மண்ணை அதே இயந்திரத்தால் விடியும் வரை திரும்பக் குழிக்குள் தள்ளினோம். அந்தப் பாட்டி சன்னலோரமே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாள் சேமிப்பே அந்த வீடு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகையால் மண்ணை எடுப்பதற்கு முன்பே, ஷீட் பைல் எனப்படும் எஃகுத் தகடுகளையோ வரிசையாகத் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண்களையோ குழியைச் சுற்றி இறக்கியாக வேண்டும். தகடுகளை அதிரவைத்து இறக்கும் முறை மலிவானது. ஆனால் வீடுகளுக்கு நடுவே அதை ஒப்புக்கொள்ளாதீர்கள், அழுத்திச் செருகும் முறையைக் கேளுங்கள். தோண்டிய மண்ணைக் குழியின் ஓரத்தில் ஒரு மணி நேரம்கூடக் குவிக்க விடாதீர்கள்; இயந்திரத்தையும் இரவில் விளிம்பருகே நிறுத்தக் கூடாது. அண்டை வீடுகளின் உட்சுவர்களை, அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, வேலைக்கு முன்பே படம் எடுத்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் மண்வெட்டியைக்கூட வைக்க வேண்டாம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70ஏ பிரிவில் மண்வேலைக்கென்றே அனுமதி கேட்கிறது. வரைபடத்தில் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவர் கையொப்பமிட வேண்டும். ஊரில் உங்கள் நண்பர் எவ்வளவு திறமையான பொறியாளராக இருந்தாலும் அது இங்கே செல்லாது. உங்கள் வீடு சரிவில் இருந்தால் மாநகர மன்றத்தில் இன்னும் பல கேள்விகள் வரும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் பின்னாலிருந்த மலைச்சரிவு சரிந்து, ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. குழியில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதாரத் துறை வேலையை நிறுத்திவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இயந்திரத்துக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால், முடிந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். முதலில் வீட்டுப் பின்புறம் இரண்டு இடங்களில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். ஒரு துளையில் குழாயை விட்டு வைத்து, மழைக்குப் பிறகும் மழையில்லாத வாரத்திலும் நீர்மட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். நீர் 2 மீட்டருக்குள் நின்றாலோ, பாறையில் பொந்து தட்டினாலோ, நிலவறையை விட்டுவிட்டு அதே பணத்தில் மேலே ஒரு மாடி எழுப்புவதையே நான் சொல்வேன். நிலம் சரிவாக இருந்து, நீரும் ஆழத்தில் இருந்தால், சரிவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து அறையை அமைக்கலாம். அப்போது பாதி மண்ணை எடுக்கவே தேவையிருக்காது. அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.