பூனை கடைசியில் பேசுமா, பேசாதா?

உங்கள் டிஸ்கில் எதுவும் வெட்டப்படவில்லை, கவலை வேண்டாம். 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் முடிவில் கருப்புப் பூனை ஜிஜி பேசவே இல்லை என்று மகள் அழுகிறாள், தோழி பார்த்த படத்திலோ பேசியதாம் என்று எழுதியிருந்தீர்கள். இருவர் சொல்வதும் சரிதான்.

1989-இல் இயக்குநர் மியாசாகி எடுத்த ஜப்பானிய மூலத்தில் ஜிஜிக்குப் பேச்சு திரும்புவதில்லை. துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரச் சிறுமி கிகியின் தோளில் ஏறி 'மியாவ்' என்கிறது, அவ்வளவுதான். 1998-இல் டிஸ்னி வெளியிட்ட ஆங்கில டப்பிங்கில்தான் கடைசியில் அதற்கு ஒரு வசனத்தை ஒட்டவைத்தார்கள். தோழி பார்த்தது அதுவாக இருக்கும்.

எனக்கு மூலமே பிடிக்கும். கிகிக்குப் பறக்கும் சக்தி குறைகிற அதே நாட்களில்தான் பூனையின் பேச்சும் புரியாமல் போகிறது. பூனை மாறவில்லை, 13 வயதுப் பெண் வளர்கிறாள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சின்னக் குழந்தையிடம் இதை விளக்கினால் ஏறாது (என் மகனிடம் முயன்று தோற்றவன் நான்). அதைவிட, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது டிவியை அணைக்காமல் விடுங்கள். ஜிஜி தன் குட்டிகளோடு வரும். அப்புறம், கிகியைப் போலவே உடுத்திக்கொண்டு துடைப்பத்தோடு நடக்கும் ஒரு குட்டிப் பெண்ணையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.