வேட்டைக்கு ரேஞ்ச்ஃபைண்டர்: பெட்டியில் ஒரு தூரம், காட்டில் ஒரு தூரம்

லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரைப் பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றுள் ஐந்து கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான அளவுகளைக் கெஜத்தில் சொல்கிறேன்; நம் துணிக்கடைக் கெஜமும் அமெரிக்க வேட்டைக்காரரின் யார்டும் ஒன்றுதான்.

கேள்வி: கொலராடோ மாநிலத்தின் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து அட்டை வாங்கிவிட்டேன். அக்டோபரில் நண்பர்களுடன் எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக்குச் செல்ல இருக்கிறேன். என்னிடம் இருப்பது .30-06 ரைஃபிள். கடையில் 1000, 2000, 3000 கெஜம் என்று எழுதிய கருவிகள் வரிசையாக இருக்கின்றன. விலையும் நூற்றைம்பது டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுகிறது. எதை வாங்கலாம்? (வாசகர், டென்வர்)

பதில்: கருவியின் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் தூரத்தைக் கண்டறியுங்கள். சுடுகளத்து மேசையில் அல்லாமல், காட்டில் கிடைக்கும் நிலையில், அதாவது மண்டியிட்டோ முதுகுப்பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்தோ சுடும்போது, பத்துத் தோட்டாக்களும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் விழுகின்ற மிக அதிகத் தூரம் எது என்று பாருங்கள். முதல் ஆண்டு வேட்டைக்காரர் பலருக்கு அது 200 கெஜத்தைத் தாண்டாது. நன்றாகப் பழகியவருக்கு 300 இருக்கலாம். நீங்கள் வாங்கும் கருவி அந்தத் தூரத்தில் தவறாமலும், அதற்கு இரு மடங்கில் ஓரளவும் வேலை செய்தால் போதும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். இந்தக் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிறு துடிப்புகளாக அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. 300 மீட்டர் தொலைவில் இருக்கும் பொருளுக்குப் போய்வர ஒளிக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரமே ஆகும். நேரத்தை அளப்பதை விட, திரும்பிவரும் ஒளி அளக்கும் அளவுக்கு இருக்கிறதா என்பதுதான் சிக்கல். சாலையோரப் பலகை போன்ற பளபளப்பான பொருள் ஒளியை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மரத்தின் பட்டை அதைவிடக் குறைவாகவும், மானின் உரோமம் எல்லாவற்றையும் விடக் குறைவாகவும் அனுப்புகின்றன. பெட்டியின் மேல் இருக்கும் எண் பலகைக்கு உரியது. உள்ளே இருக்கும் கையேட்டைப் பிரித்தால் பலகைக்கு, மரத்துக்கு, மானுக்கு என்று மூன்று எண்கள் தனித்தனியே இருக்கும். மானுக்கு உரியது பெரும்பாலும் முதல் எண்ணில் பாதிதான் இருக்கும், சில மலிவான கருவிகளில் அதற்கும் குறையும். அந்த எண்ணைக் கொடுக்காத நிறுவனத்தின் கருவியை நான் வாங்குவதில்லை.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ரைஃபிளில் 180 கிரெய்ன் எடையுள்ள தோட்டாவை 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்திருந்தால், அது 300 கெஜத்தில் எட்டு அல்லது ஒன்பது அங்குலமும் 400 கெஜத்தில் சுமார் இரண்டு அடியும் கீழே இறங்கிவிடும். 350 கெஜத்தில் நிற்கும் எல்க்கை 300 என்று எண்ணிச் சுட்டால், தோட்டா நீங்கள் நினைத்த இடத்துக்கு ஏறக்குறைய ஏழு அங்குலம் கீழே படும். எல்க்கின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் உயரம் ஓர் அடியைச் சற்றே தாண்டும். அதன் நடுவைக் குறிவைத்தவரின் தோட்டா அடி விளிம்பை உரசிக்கொண்டு போகும். காயம்பட்ட விலங்கு மலைச்சரிவில் மறைந்து, இருட்டும் வரை இரத்தத் தடத்தைத் தேடி அலைந்தவர்களைக் கேட்டால், இந்தக் கருவி எதற்கு என்று சொல்லிவிடுவார்கள்.

ராக்கி மலைப்பகுதியில் சரிவுக் கணக்கும் வேண்டும். முப்பது பாகைச் சரிவில் மேலேயோ கீழேயோ 350 கெஜத்தில் நிற்கும் விலங்குக்கு, புவியீர்ப்பின் கணக்கில் தூரம் 303 கெஜம்தான். தோட்டா எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது கிடைமட்டத் தூரமே. கோணத்தைத் தானே அளந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் வசதி இன்று நடுத்தர விலைக் கருவிகளிலேயே வந்துவிட்டது. அது இல்லாததை மலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

எண்கள் எந்த நிறத்தில் தெரிகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. என் கணக்கில் இதுதான் அதிகம் ஏமாற்றும் இடம். கொலராடோவில் பெரிய விலங்குகளைச் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து, மறைவுக்குப் பின் அரை மணி நேரம் வரை வேட்டையாடலாம். எல்க் மரக்கூட்டத்தை விட்டு வெளியே வருவதும் பெரும்பாலும் இந்த இரு ஓரங்களில்தான். பகல் வெளிச்சத்தில், கடையின் வாசலில் நின்று பார்க்கும்போது பளிச்சென்று தெரியும் கறுப்பு எண்கள், அந்தி நேரத்தில் கரிய ஊசியிலை மரங்களின் பின்னணியில் அடியோடு காணாமல் போய்விடும். தானே ஒளிரும் சிவப்பு எண்கள் கொண்ட கருவியை, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியுடன் வாங்குங்கள். கடைக்காரர் அனுமதித்தால் மாலையில் போய்ப் பாருங்கள்.

கை நடுக்கத்தையும் கணக்கில் வையுங்கள். லேசர் ஒளி ஊசி போலப் போவதில்லை, விரிந்துகொண்டே போகிறது. ஆயிரம் மீட்டருக்கு இரண்டு மீட்டர் விரியும் ஒளி, 400 மீட்டரில் 80 சென்டிமீட்டர் அகலம் ஆகிவிடும். எல்க்கின் உடம்பில் அது அடங்கும். புல் உயர்ந்த மேட்டின் பின்னால் தலையும் முதுகும் மட்டும் தெரிந்தால் அடங்காது. அப்போது விலங்கின் அருகில் நிற்கும் பாறையையோ மரத்தையோ அளந்துகொள்வது நல்லது. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக நகர்த்தினால் எண்கள் மாறிக்கொண்டே வரும் வசதியும் இதற்கு உதவும். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி அளந்தால், நின்றபடி அளப்பதைக் காட்டிலும் எட்டும் தூரம் கூடியது போலவே தோன்றும்.

ஆகவே, மானுக்கு 600 கெஜம் என்று கையேட்டில் தெளிவாகச் சொல்லும், ஆறு அல்லது ஏழு மடங்கு பெரிதாக்கும், கோணக் கணக்கும் சிவப்பு எண்களும் உள்ள ஒன்றைத் தேடுங்கள். லூப்போல்ட், வோர்ட்டெக்ஸ், சிக் சாவர், புஷ்னெல் ஆகிய நிறுவனங்களின் நடுத்தர விலை வரிசையில் இப்படிப்பட்டவை கிடைக்கின்றன. தொலைநோக்கியும் ரேஞ்ச்ஃபைண்டரும் ஒன்றாக அமைந்த கருவிகள் மிக வசதியானவை. லைக்கா நிறுவனம் 1992இல் ஜியோவிட் என்ற பெயரில் அத்தகையதை விற்கத் தொடங்கியது. ஆனால் அவற்றின் நல்ல ரகங்களின் விலையில் ஒரு ரைஃபிளும் அதன் தொலைநோக்கியும் வாங்கிவிடலாம். மிச்சப்படும் பணத்தைத் தோட்டாவுக்கும் சுடுகளத்துக்கும் செலவழியுங்கள். பையில் ஒரு மாற்று பேட்டரி இருக்கட்டும். கருவியைக் கடுங்குளிரில் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் எந்த விலைக் கருவியும் துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கண்டு தடுமாறும்.

கேள்வி: நான் வில்லும் அம்பும் கொண்டு வெள்ளைவால் மானை வேட்டையாடப் பழகுகிறேன். மரத்தில் இருபது அடி உயரத்தில் இருக்கை அமைத்திருக்கிறேன். கோணக் கணக்கு இல்லாத கருவி பயன்படாது என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், மிச்சிகன்)

பதில்: உங்களுக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை. இருபது அடி உயரத்திலிருந்து, மரத்தடியிலிருந்து 20 கெஜம் தள்ளி நிற்கும் மானை அளந்தால் கருவி 21 என்று காட்டும். 10 கெஜத்தில் நிற்கும் மானுக்கு 12 என்று காட்டும். இந்த ஓரிரு கெஜ வேறுபாடு, இவ்வளவு அருகில், அம்பின் போக்கைக் குறிப்பிடும்படி மாற்றுவதில்லை. சமதரைக் காட்டில் மரத்தின் மேல் அமர்ந்திருப்பவருக்கு, மலைச்சரிவில் நிற்பவருக்கான வசதியை அச்சம் காட்டி விற்கிறார்கள்.

வில்லாளிக்கு வேறு இரண்டு கவலைகள் உண்டு. நொடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பை 40 கெஜத்துக்கு என்று எய்து, மான் 45 கெஜத்தில் நின்றிருந்தால், அம்பு ஐந்து அங்குலம் கீழே போய்விடும். மானின் உயிர்நிலைப் பகுதியின் குறுக்களவு எட்டு அங்குலம் என்றால் அது தவறிய அம்பு. ரைஃபிள்காரருக்கு 50 கெஜம் பிசகினால் வரும் ஆபத்து உங்களுக்கு ஐந்து கெஜத்திலேயே வந்துவிடுகிறது. அதோடு, சில கருவிகள் பத்துக் கெஜத்துக்குள் இருப்பதை அளப்பதே இல்லை. குறைந்தபட்சத் தூரம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மான் வந்தபின் கருவியைக் கண்ணுக்கு உயர்த்தினால் அந்த அசைவிலேயே அது ஓடிவிடும். இருக்கையில் ஏறியதும் சுற்றிலுமுள்ள நான்கைந்து மரங்களை அளந்து மனத்தில் குறித்துக்கொண்டு, கருவியைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

வில்லிலேயே பொருத்தி, தானே தூரம் அளந்து குறி காட்டும் கருவிகளும் விற்பனையில் உள்ளன. வாங்குமுன் உங்கள் மாநிலத்தின் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். மொன்டானாவிலும், வில்லுக்கென ஒதுக்கிய பருவத்தில் ஐடஹோவிலும், வில்லில் இத்தகைய மின்னணுக் கருவியைப் பொருத்தக் கூடாது.  கையில் பிடித்து அளக்கும் சாதாரணக் கருவி இந்தத் தடைக்குள் வராது.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைக்காடுகளில் சாம்பர் மான் வேட்டைக்குப் போகிறேன். கருவி 14 மீட்டர் என்கிறது, மறுமுறை 90 என்கிறது. பழுதா? (வாசகர், மெல்பேர்ண்)

பதில்: பழுது இல்லை, முதலில் காட்டியது உங்கள் முன்னால் இருக்கும் புதரின் தூரம். சாம்பர் என்று நீங்கள் சொல்வது நம் ஊர்க் கடமான்தான். நெல்லை, குமரிப் பக்கத்தில் மிளா என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டு, இன்று அந்தக் காடுகளில் பெருகிக் கிடக்கிறது. அடர்ந்த புதருக்குள் நிற்பது அதன் இயல்பு. ஒரு துடிப்பு ஒளியில் ஒரு பகுதி இலையில் பட்டும் மீதி மானில் பட்டும் திரும்பும்போது, எதை நம்புவது என்று கருவி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அமைப்புப் பட்டியலில் அருகில் இருப்பதற்கு முன்னுரிமை, தொலைவில் இருப்பதற்கு முன்னுரிமை என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் இரண்டாவதை வையுங்கள். கோல்ஃப் ஆட்டத்துக்கென விற்கும் கருவிகள் கொடிக்கம்பத்தை அளப்பதற்காக அருகில் இருப்பதையே பிடிக்கும். விலை குறைவாக இருக்கிறது என்று அவற்றை வாங்கி வேட்டைக்குக் கொண்டுவருபவர்கள் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இத்தகைய காட்டில் மானை நூறு மீட்டருக்குள் சந்திப்பதே அதிகம் என்பதால், பெரிய எண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: மீட்டரில் வைப்பதா, கெஜத்திலா? (வாசகர், கல்கரி)

பதில்: எந்தத் தூரத்தில் தோட்டா எவ்வளவு இறங்கும் என்று காட்டும், உங்கள் துப்பாக்கித் தொலைநோக்கியின் அட்டவணை எதில் இருக்கிறதோ அதில். 400 மீட்டர் என்பது 437 கெஜம். அட்டவணை கெஜத்திலும் கருவி மீட்டரிலும் இருந்தால், விலை உயர்ந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டே 37 கெஜம் தவறுவீர்கள். பேட்டரி மாற்றியதும் சில கருவிகளில் இந்த அமைப்பு பழையபடி மாறிவிடுவதுண்டு. மாற்றிய உடனே, தூரம் தெரிந்த ஒரு பொருளை அளந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வனத்துறையின் விலங்குக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் செல்கிறேன். சொந்தமாக ரேஞ்ச்ஃபைண்டர் வாங்க விரும்புகிறேன். வேட்டைக்கான கருவி என்று விற்கிறார்களே, வாங்கலாமா? விலங்கின் கண்ணுக்குத் தீங்கு வருமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது; தூரம் அளக்கும் கருவி அதனால் வேட்டைக் கருவி ஆகிவிடுவதில்லை. நிலம் அளப்பவர்களும் கோல்ஃப் ஆடுபவர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஆயினும் சரகர் அனுமதி இன்றிக் காட்டுக்குள் எதையும் கொண்டுபோகாதீர்கள். இவை முதல் வகுப்பு (Class 1) லேசர் எனப்படும், கண்ணுக்குத் தீங்கற்ற அளவில் அமைக்கப்பட்டவை. அந்தக் குறிப்பு கருவியின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வேலைக்கு, வேட்டைக்காரர் கருவியே கோல்ஃப் கருவியை விட ஏற்றது. மெல்பேர்ண் வாசகருக்குச் சொன்ன புதர்க் காரணமே இங்கும். நேர்கோட்டில் நடந்துகொண்டே எண்ணும் முறையில், விலங்கு வரை உள்ள தூரத்தையும், நடைக்கோட்டிலிருந்து அது எத்தனை பாகையில் நிற்கிறது என்பதையும் குறிக்கிறீர்கள். அறுபது மீட்டரில் முப்பது பாகையில் நிற்கும் புள்ளிமான், கோட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நிற்கிறது என்று கணக்கு வரும். அடர்த்தியைக் கணிப்பது இந்தத் தூரத்தைக் கொண்டுதான். ஆகவே 300 மீட்டர் எட்டினாலே போதும், ஆனால் ஒரு மீட்டர் பிசகாமல் காட்ட வேண்டும். சரிவான பாதை என்றால் கிடைமட்டத் தூரம் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். மான்கள் கூட்டமாக நின்றால், முதலில் கண்ணில் பட்டதை அளக்காமல், கூட்டத்தின் நடுவை அளந்து எழுதுங்கள்.