ஆள் இருக்கிறார், தேவை தீர்ந்ததா? முதியோர் பராமரிப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. பகலில் ஆள் வைத்திருக்கிறோம், இரவில் நான் இருக்கிறேன். ஆனாலும் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார்.

பதில்: வயதாக ஆகத் தாகம் மட்டுப்படும், அது உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை முக்கியக் காரணம் வேறு. குடித்தால் கழிப்பறை போக வேண்டும், போக யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட்டவர் வருவதற்குள் துணி நனைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம், அதனால் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். "குடிங்கம்மா" என்று கெஞ்சுவதைவிட, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் கேட்காமலே கூட்டிப்போகும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும். திடீரென்று பேச்சு குழம்பினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இதய, சிறுநீரக நோய் இருந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: மூன்று பிள்ளைகள் முறை வைத்து அப்பாவைப் பார்க்கிறோம். எதுவும் விட்டுப்போகிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: உங்கள் அட்டவணையில் யார் எப்போது வருவார் என்று இருக்கும், என்ன செய்வார் என்று இருக்காது, சரிதானே? குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் 1963-இல் வகுத்த ஆறு அன்றாடச் செயல்களும் இன்றும் நல்ல அளவுகோல். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயர் எழுதிப் பாருங்கள், எது காலியாக நிற்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், அப்பாவைத் தனியாக உட்காரவைத்து, "போன வாரம் ஆள் இல்லாமல் எதையாவது செய்யாமல் விட்டீங்களா?" என்று கேளுங்கள். பார்த்துக்கொள்பவர் பக்கத்தில் இருந்தால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார்.

கேள்வி: கணவர் என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டார். எனக்கு 74 வயது, முதுகு போய்விட்டது.

பதில்: அம்மா, நீங்கள் விழுந்தால் அவருக்கும் ஆள் இல்லை, இதை அவரிடமே சொல்லுங்கள். புதிதாக வருபவர் முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம். தேநீர் கொடுப்பது, கால் அமுக்குவது என்று தொடங்கட்டும், தினம் அதே ஆள் வரட்டும். அதுவரை அவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், அவருக்குத் தோளும் உங்களுக்கு முதுகும் போகும். நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு ஊன்றி, முன்னால் சாய்ந்து எழச் சொல்லுங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருப்பவரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்?

பதில்: வழக்கமான கணக்கு இரண்டு மணி நேரம், இரவிலும்தான். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதியைத் தினமும் பாருங்கள். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அதைத் தேய்க்காமல், அந்தப் பக்கம் படுக்கவிடாமல், செவிலியரையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள்.